முக்கவை

தாயே,
உம் புருசனுக்குத் தண்ணி ஊத்த
மூணரை மணிக்கே வந்துட்டேன்.
தலையில இன்னும் தறிக்குடோன் பஞ்சு.
எட்டாம் நம்பர் தறியில நூல் அறுந்து அறுந்து
ராமுச்சூடும் முடிச்சுப் போட்ட வெரலு
குடத்துக் கழுத்தையும் முடிச்சாட்டமே புடிச்சிருக்குது.

ஈரச் சேலை, மஞ்சத்தண்ணி, வேப்பங்கொத்து.
எனக்கு முன்னால பதினேழு பொம்பளைங்க.
வெள்ளகோவில் பஸ்ஸுக்கு வரிசையில நிக்காத ஊரு
இதுக்கு மட்டும் நிக்குது.

பூச்சாட்டி எட்டு நாளாச்சு.
எந்த வூட்டுலயும் தாளிக்கிற வாசமில்ல.
வெளியூர் போனவங்க ராத்தங்காமத் திரும்பணும்னு கட்டு.
கரூருக்குப் போன எம் வூட்டுக்காரரு
ஆறு வருசமாத் தங்கிட்டாரு.
அவருக்கு யாரும் சாட்டலை.

கம்பத்துக்கு மரம் கேட்ட அன்னைக்கு நானும் இருந்தேன்.
மொதல்ல கருப்பராயங்கிட்டக் கேட்டாங்க,
சுருட்டும் சேவலும் வெச்சு.
அப்புறம் கன்னிமாருகிட்ட.
ஏழு கல்லுல ரெண்டு மண்ணுக்குள்ள போயிருச்சு,
இருந்தும் ஏழு பேருக்கும் தனித்தனியா வெத்தலை.
மகாமுனிக்கு அப்பத்தான் கண்ணுக்குப் பெயிண்டு அடிச்சிருந்தாங்க.
எதைப் பாத்தாலும்
மொதத்தடவை பாக்கறாப்பல பாத்தாரு.
கடைசியா உன் முன்னால பூப்பொட்டணம்.
செவப்பு வந்தா வேம்பு, வெள்ளை வந்தா பாலை.
நாச்சிமுத்துப் பண்டாரத்தோட சின்ன மக
கண்ணை மூடி எடுத்தா.
வெள்ளை.

பாலைன்னா எங்க குடோனுக்குப் பின்னால நின்ன பாலைதான்.
மூணு கவையும் அளந்து வெச்சாப்பல.
அதுல வலதுகைக் கவை எனக்குத் தெரியும்.
நித்திலா பொறந்து நாப்பத்தஞ்சாம் நாளு
தறிக்குத் திரும்பி வந்தவ நான்.
அங்கதான் தூளி கட்டினேன்.
தறி ஓடுற சத்தத்துல தூங்குவா,
கரண்டு போனா முழிச்சுக்குவா.
ஆடி ஆடிக் கயிறு தின்ன எடத்துல
ஒரு வெரக்கடைப் பள்ளம்.

அருவா பட்டதும் பால் வடிஞ்சுது.
எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.
எனக்கு மட்டும்
ரவிக்கை நனைஞ்சாப்பல இருந்துச்சு.

இப்ப எம் மொறை.
ஒசக்க கங்குச்சட்டி எரியுது.
தண்ணி ஊத்த ஊத்த மஞ்சள் எறங்குது.
யாரும் பாக்காம வெரல வெச்சுப் பாத்தேன்,
பள்ளம் அங்கியே இருக்குது.
தாயே, எம் மகளத் தாங்கி ஆட்டினது
உம் புருசன்தான்.
பெத்தவன் ஒரு நாளும் ஆட்டினதில்ல.
சண்டைக்குச் சொல்லலை.
உனக்குத் தெரிஞ்சிருக்கோணுமில்ல?

பொழுதெறங்கினா அவனைச் சுத்தி ஆட்டம்.
பறைக்கு ஒதுங்காத காலில்ல.
எங்க மொதலாளி வேட்டியை மடிச்சுக் கட்டி ஆடறாரு,
கூலி ஒசத்தக் கேட்டா அசையாத மனுசன்.
நித்திலா தள்ளி நின்னு பாத்துட்டிருந்தா.
அந்த மரந்தான் இதுன்னு அவகிட்டச் சொல்லலை.
சொன்னா, அதை ஏன் கெணத்துல போடறாங்கன்னு கேப்பா.

பதினஞ்சாம் நா ராத்திரி மாத்தாளு வரலை.
தறியை நிறுத்திட்டு ஓடியாந்தேன்.
கம்பம் போயிருச்சு.
கெணத்துல விட்டுட்டு ஆம்பளைங்க
பேச்சில்லாம வந்துட்டிருந்தாங்க.
பந்தல்ல ஒத்த ட்யூப்லைட்டு துடிக்குது.
பண்டாரம் உன் மாலையைக் கழட்டிட்டு
வெள்ளைச் சேலை சாத்தறாரு.
நாளைக்கு மஞ்ச நீராட்டு,
எட்டாம் நாளு மறுபூசை,
வார வருசம் வேற மரம்.
உனக்குப் பழக்கந்தான்.

எங் கையில குடம் நெறையா.
மொண்ட தண்ணியத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது.
"குழியில ஊத்திருங்கம்மிணி, மண்ணாச்சும் அமுங்கும்"
பண்டாரத்துக்குத் தூக்கம்.
ஊத்தினேன்.
குழி குடிச்சுக்கிட்டே இருந்துச்சு.
நிமிந்து உம் மொகத்தைப் பாத்தேன்.
நீ எங்கயோ பாத்துட்டிருந்தே,
கரண்டு போனதும் முழிச்சுக்கிட்ட
புள்ளையாட்டம்.